தரையில் இறக்கப்பட்ட புனித ரிகோதா

திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் புனித ரிகோதாவைப் பீடத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்கள். அவள் எலும்புகள் இருந்த வெள்ளிப் பேழைக்குக் கீழே கோணி விரித்தார்கள். மேலே முள் வெட்டிப் போட்டார்கள். மெழுகுவர்த்திகளை அணைத்தார்கள். கோயில் வாசலையும் முள்ளால் அடைத்தார்கள்.

குற்றம், கடமை தவறியது. மடத்து விலாங்குமீன் குளத்தைத் திரோகோ என்ற குதிரைவீரன் பிடுங்கிக்கொண்டான். சட்டப்படி குளம் மடத்துடையதல்ல, புனிதையுடையது. ஆற்றங்கரை வயல்கள், மாவு ஆலை, அங்கே உழைக்கும் அறுபது குடும்பங்கள் எல்லாமே அவளுடையவை. துறவிகள் வெறும் விருந்தாளிகள். விருந்தாளிகளுக்குத் தவக்காலம் முழுவதும் இறைச்சி கிடையாது. விலாங்குதான். அந்த விலாங்கை அவள் காப்பாற்றவில்லை. அவள் இறந்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன என்பதை மடம் ஒரு சாக்காக ஏற்கவில்லை.

அறுபது குடும்பங்களில் ஒன்று தெசெலினுடையது. நடவடிக்கை பற்றி அவனுக்குத் தெரியாது. திங்கட்கிழமை விடியலில் அவன் மனைவி ஆரெம்பாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி ரிஷில்தாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடத்துக்கு ஓடினான்.

வேண்டியது புனிதையின் கச்சை. நான்கு விரல் அகலத்தில் ஒரு பழைய துணிப்பட்டை. வலி கண்டவளின் வயிற்றில் கட்டினால் பிள்ளை நலமாகப் பிறக்கும். சேவல் கொண்டுவந்தவர்களுக்கு மடம் அதை ஒரு நாள் கொடுத்தனுப்பும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆரெம்பாவின் முதல் பிரசவத்தன்று, கச்சை வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது. அந்தப் பிள்ளை அழவே இல்லை. "இந்த வாட்டி கச்சை வராம பெக்க மாட்டேன்" என்று ஆரெம்பா அறுவடைக் காலத்திலிருந்தே சொல்லிவந்தாள். சொன்னதைச் செய்கிறவள்.

வாசல் துறவி போவோன் கல்லின்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா தெசெலின், சேவலும் நீயுமா?"

"கச்சை வேணும் சாமி. வலி எடுத்துடுச்சு."

"கச்சை இல்ல."

"யார் வீட்டுக்குப் போயிருக்கு?"

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. அம்மா தண்டனையில இருக்காங்க."

"எந்த அம்மா?"

"இங்க எத்தனை அம்மா இருக்காங்க? ரிகோதா அம்மாதான். நாலு நாளா தரையில. அவங்க எழுந்திருக்கிற வரைக்கும் ஒரு வேலையும் நடக்காது. நேத்து காய்ச்சல்காரன் ஒருத்தன் வந்தான். திருப்பி அனுப்பிட்டோம். பொட்டைக்கண்ணன் ஒருத்தன் வந்தான். அவனையும்தான்."

தெசெலின் முள்ளடைத்த வாசலைப் பார்த்தான். உள்ளே இருபத்திரண்டு துறவிகள் தரையில் குப்புறக் கிடந்து சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்க இனிமையாக இல்லை. வாய் தரையில் பட்டது.

"அம்மாவையே தண்டிச்சா அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட மாட்டாங்களா சாமி?"

"போறதா இருந்தா போயிருப்பாங்க." போவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்க முதல்ல இங்கயா இருந்தாங்க? தெற்க, ரோன் ஆத்துப் பக்கம் ஒரு கோயில்ல இருந்தாங்க. நம்ம பழைய மடாதிபதி ஒருத்தர் கும்பிடப் போனவரு, சாக்குல போட்டுத் தூக்கிட்டு வந்துட்டாரு."

"திருடிட்டா?"

"வாயைக் கழுவு. திருடினா கனக்கும். இவங்க இறகு மாதிரி வந்தாங்களாம். வர இஷ்டமில்லன்னா எட்டு மாடு பூட்டி இழுத்தாலும் அசைய மாட்டாங்க. லேசா வந்தா அவங்களே வர்றாங்கன்னு அர்த்தம். அதுக்குப் பேரு திருட்டு இல்ல. இடமாற்றம்."

தெசெலினுக்குப் புரிந்தது போல இருந்தது.

"கச்சைக்கு யாரைப் பாக்கணும்?"

"துணைத் தலைவரைப் பாரு. சேவலை இங்க விட்டுட்டுப் போ. அது தண்டனையில இல்ல."

துணைத் தலைவர் ஹுபால்து எழுதும் அறையில் இருந்தார். குற்றப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"மூணு குற்றம்" என்றார் தலை நிமிராமல். "ஒண்ணு, குளத்தைக் காக்காதது. ரெண்டு, முன்கூட்டியே யாருக்கும் கனவுல வந்து சொல்லாதது. மூணு, அன்னிக்கு நல்ல மழை. கரையெல்லாம் சேறு. திரோகோவோட குதிரை வழுக்கக்கூட இல்ல. இதுல உள்நோக்கம் இருக்கோன்னு விசாரிக்கிறோம்."

"சாமி, எனக்கு அம்மா வேண்டாம். கச்சை மட்டும் போதும். மாலைக்குள்ள கொண்டாந்துடறேன்."

துணைத் தலைவர் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார். பாடம் நடத்த வாய்ப்புக் கிடைத்தவரின் முகம்.

"கச்சை எங்க கட்டறது?"

"இடுப்புல."

"அம்மாவோட இடுப்பு நம்மகிட்ட இருக்கா?"

"தெரியல சாமி."

"இல்ல. பேழைக்குள்ள இருக்கிறது ஒரு தாடை, ஒரு முழங்கை, மூணு விரல். அப்ப கச்சை வெறும் துணின்னு நீ நினைப்ப. தப்பு. ஒரு புனிதை தன் ஒவ்வொரு எலும்புலயும் முழுசா இருக்கா. விரல்ல இடுப்பு இருக்கு. இடுப்புல கச்சை இருக்கு. ஆகவே கச்சையும் தண்டனையில இருக்கு."

தெசெலின் தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

"வலி தாங்காம கத்தறா சாமி."

"கத்தணும். ஏவாள் பழம் தின்னா. உன் பொண்டாட்டிக்கு வலிக்குது. இதுல குழப்பமே இல்ல."

"எங்க வீட்ல பழமே கிடையாது சாமி."

துணைத் தலைவர் இதைக் கேட்காதவர் போல ஜன்னலைப் பார்த்தார். பிறகு, வழி ஒன்று உண்டு என்றார். குளம் திரும்பி வந்தால் தண்டனை தீரும். தண்டனை தீர்ந்தால் கச்சை கிடைக்கும். திரோகோவை மடம் சபையிலிருந்து விலக்கி வைத்திருப்பதால் துறவிகள் அவனோடு பேசக்கூடாது. ஆனால் தெசெலின் துறவியல்ல. புனிதையின் பண்ணையாள். எசமானி சார்பில் அவன் போய்க் கேட்பதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

"அடிச்சா?" என்றான் தெசெலின்.

"அதையும் குற்றப் பத்திரிகையில சேர்த்துக்கலாம். தன் ஆளையே காக்கல. நாலாவது குற்றம்."

திரோகோவின் மரக்கோபுரம் ஒரு மண்மேட்டின்மேல் இருந்தது. தெசெலின் ஏறி மூச்சு வாங்கி நின்றபோது திரோகோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் ஐந்து தாயத்துகள். ஒரு பக்கம் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிக்க ஒரு குரு. மறுபக்கம் பல் பிடுங்கும் குறட்டுடன் ஒரு நாவிதன். நடுவில் வறுத்த விலாங்கு.

தெசெலின் விஷயத்தைச் சொன்னான். திரோகோ கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டான்.

"உக்காருடா. என்னை அம்மா மேல பக்தியில்லாதவன்னு நினைக்கிறியா?"

"இல்லீங்க ஐயா."

"ஆண்டவன் மூணு விதமா மனுசனைப் படைச்சான். ஜெபிக்கிறவன், சண்டை போடறவன், உழைக்கிறவன். முக்காலி மாதிரி. ஒரு காலு ஒடிஞ்சாலும் விழுந்துடும். நான் யாரு?"

"சண்டை போடறவரு."

"நான் பிடுங்கலன்னா அவங்க எதுக்காக ஜெபிப்பாங்க? நான் பிடுங்கப் பிடுங்கத்தான் அவங்க ஜெபம் கூடுது. நாலு நாளா குப்புறக் கிடக்கிறாங்களாமே? என்னாலதான். போன வருசம் நான் சும்மா இருந்தேன். அவங்க என்ன பண்ணாங்க? தூங்கினாங்க."

"நான் என்ன பண்ணணுங்க ஐயா?"

"உழை. அதை யாரு வேண்டாம்னா?" திரோகோ நாவிதன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். நாவிதன் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். "பாத்தியா? நாலு நாளா காலையும் மத்தியானமும் பல்லைப் பாக்கறான். ஒண்ணும் இல்ல. குளத்தைப் பிடுங்கின அன்னிக்கே அம்மா ஏதாவது அனுப்புவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன். ஒரு வயித்துவலி, ஒரு கொப்புளம்... ஒண்ணுமே வரல. அப்ப என்ன அர்த்தம்? அம்மாவுக்கு ஆட்சேபணை இல்ல."

"அவங்க தரையில இருக்காங்க ஐயா."

"அது அவங்க உள்வீட்டு விவகாரம். போய்ச் சொல்லு. ஒரு பல்வலி. ஒரே ஒரு பல்வலி வரட்டும். அன்னிக்கே குளத்தைக் கொடுத்துடறேன்." பாவசங்கீர்த்தனக் குரு கண்கலங்கினார். திரோகோ ஒரு விலாங்கை இலையில் சுற்றித் தெசெலின் கையில் வைத்தான். "பிள்ளைத்தாச்சிக்குக் கொடு. நான் கல்நெஞ்சக்காரன் இல்ல."

தெசெலின் விலாங்கோடு மடத்துக்குத் திரும்பினான். பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது.

மடாதிபதி குந்தார் முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். நான்கு நாள் பட்டாணிக் கஞ்சியில் சற்றே இளைத்திருந்தார். தெசெலின் வாயைத் திறப்பதற்குள் அவர் மூக்கு உயர்ந்தது.

"கையில என்ன?"

"பெரிய சாமி, அது திரோகோ ஐயா கொடுத்த..."

"எந்தக் குளத்து விலாங்கு?"

தெசெலின் மண்மேட்டுப் பக்கம் கைகாட்டினான். அது புனிதையின் களவுபோன சொத்து. அங்கேயே கைப்பற்றப்பட்டது. இரண்டு துறவிகள் அதை மரியாதையாகச் சமையலறைக்கு ஏந்திச் சென்றார்கள். மற்ற துறவிகள் வழிநெடுக எழுந்து நின்றார்கள்.

மடாதிபதிக்கு மனம் இளகிவிட்டது. "இப்ப சொல்லுப்பா."

தெசெலின் பல்வலி விஷயத்தைச் சொன்னான்.

"முடியாது" என்றார் மடாதிபதி. "தண்டனையில இருக்கிறவங்க பல்வலி கொடுக்கக்கூடாது. அவங்களுக்கு இப்ப எந்த அதிகாரமும் இல்ல."

"அப்ப முள்ளை எடுத்துட்டா..."

"குளத்தை மீட்டாத்தான் முள்ளை எடுப்போம்."

"பல்வலி வந்தாத்தான் குளம் வருமாம். முள்ளை எடுத்தாத்தானே சாமி பல்வலி வரும்?"

மடாதிபதி நின்றார். அவன் தோளில் கைவைத்தார்.

"நல்லா யோசிக்கிற. இந்தக் கேள்வி எங்கயிருந்து தொடங்குது, எங்க முடியுதுன்னு பாரு. எங்கயும் இல்ல. வட்டமா இருக்கு. வானத்தைப் பாரு. அதுவும் வட்டம். பூமியைச் சுத்தி ஏழு வானம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா, சுத்திக்கிட்டே இருக்கு. எங்கயாவது போய்ச் சேருதா? சேராது. அதுதான் முழுமை. ஒரு விஷயம் நேரா போய் முடிஞ்சுடுச்சுன்னா அதுல மனுசன் கை இருக்குன்னு அர்த்தம். சுத்திக்கிட்டே இருந்தா ஆண்டவன் கை இருக்கு. இந்த மடம் இருநூறு வருசமா எதையும் முடிச்சதில்ல."

"என் பொண்டாட்டி, சாமி?"

"அவளுக்காக ஜெபிப்போம். நீ வந்ததும் நல்லதாப் போச்சு. அம்மாவோட ஆளுங்க ஒவ்வொருத்தரும் வந்து அம்மாவைத் திட்டணும். அது முறை. நீ இன்னும் திட்டல."

முள்ளை விலக்கி அவனை உள்ளே விட்டார்கள். இருட்டாக இருந்தது. துறவிகள் மறுபடி குப்புறப் படுத்தார்கள். தெசெலின் கோணியருகே மண்டியிட்டான். முள்ளுக்கு அடியில் வெள்ளிப் பேழை மங்கலாகத் தெரிந்தது. எப்போதும் அண்ணாந்து பார்த்த பேழை. இவ்வளவு சிறியது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தொட்டிலின் பாதிகூட இல்லை.

"லத்தீன்ல வேண்டாம்" என்றது தரையிலிருந்து துணைத் தலைவரின் குரல். "உனக்குத் தெரிஞ்சதுல திட்டு."

தெசெலினுக்குத் தெரிந்ததெல்லாம் கழுதையைத் திட்டுவது. அது இங்கே பொருந்தாது.

"அம்மா" என்று மெல்லச் சொன்னான். "குத்துதா?"

ஒரு முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஆரெம்பாவுக்கு விடியல்லேர்ந்து வலி. உங்களால இப்ப ஒண்ணும் முடியாதுன்னு தெரியும். சும்மா சொல்லி வெச்சேன்."

யாரும் பார்க்கவில்லை. எல்லா முகமும் தரையில். மேலாக இருந்த ஒரு முள்ளை மட்டும் எடுத்துத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டான். விரலில் குத்தியது. எழுந்து வெளியே வந்தான். வீட்டுக்கு ஓடினான்.

வீட்டில் கூச்சல் இல்லை. அவன் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. அந்த முறையும் இப்படித்தான் அமைதியாக இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு பூனைக்குட்டியின் குரல் போல ஏதோ கேட்டது.

"பொட்டப்புள்ள" என்றாள் ரிஷில்தா, கையைக் கழுவியபடி. "எங்கய்யா சுத்திட்டு வர்ற? பொழுது சாயப்போகுது. வெறுங்கையோட வேற. சேவல் எங்க?"

"வாங்கிக்கிட்டாங்க. கச்சை தரல."

"சத்தம் போடாத." வாசலுக்கு இழுத்து வந்து காதருகே சொன்னாள். "கச்சை வராம முக்க மாட்டேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தா. எவ்வளவு நேரம் பாக்கறது? கழுதைக் கயித்தை அவுத்து உத்தரத்துல போட்டேன். கண்ணைத் தொறக்காத, கச்சை வந்துடுச்சு, புடிச்சு இழுன்னு சொன்னேன். இழுத்தா பாரு, கூரையே இறங்கும்னு நினைச்சேன். புள்ள வந்துடுச்சு."

"கயிறா?"

"புடிச்சு இழுக்க ஏதாவது வேணும். அவ்வளவுதான். யார்கிட்டயும் வாயைத் தொறக்காத."

தெசெலின் வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஆரெம்பா. பிள்ளையைப் பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும், அம்மாவின் கச்சை தானாகவே வீட்டுக்கு வந்ததென்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் செய்தி மடத்துக்கு எட்டியது. மத்தியானத்தில் துணைத் தலைவர் இரண்டு துறவிகளோடு வந்து வீட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"பேழை முத்திரை உடையல. கச்சை உள்ளேயே இருக்கு. ஆனா நேத்து இங்க வந்திருக்கு. எப்படி இருந்துச்சு கச்சை?"

"கண்ணை மூடியிருந்தேன் சாமி" என்றாள் ஆரெம்பா. "முரடா இருந்துச்சு. கழுதை வாசம் அடிச்சுது."

துறவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணைத் தலைவரின் பார்வை உத்தரத்துக்குப் போனது. கயிறு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"மருத்துவச்சி, இது உன் வேலையா?"

ரிஷில்தா பிள்ளையின் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

"தெளிவாச் சொல்றேன். ஒரு பெண்ணை ஒரு கயிறு காப்பாத்தியிருக்கு. அதுல அம்மாவோட கை இல்லன்னா, வேற எவனோட கையோ இருக்கு. அவன் பேரை நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு வேலை செய்யறவங்களை என்ன செய்வாங்கன்னு உனக்கே தெரியும். அம்மாவோட கை இருக்குன்னா, தண்டனையில இருந்துக்கிட்டே உத்தரவில்லாம அற்புதம் பண்ணியிருக்காங்க. அது கீழ்ப்படியாமை. நாலாவது குற்றம். முள்ளு ரெண்டு மடங்கு ஆகும். எது?"

மருத்துவச்சி தெசெலினைப் பார்த்தாள். முப்பது வருடம் அந்த ஊரின் பிள்ளைகளை ஏந்திய கைகளை முன்றானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"அம்மாவோட வேலைதான் சாமி" என்றான் தெசெலின். சொன்னதும் சின்னப் பேழை நினைவுக்கு வந்தது. மனசு கேட்கவில்லை. "ஆனா அம்மா மேல தப்பு இல்ல. நான்தான் தப்பு பண்ணேன்."

தொப்பியைக் கழற்றினான். முள்ளை எடுத்துத் துணைத் தலைவர் முன் வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்தேன் சாமி. பாவமா இருந்துச்சு."

துணைத் தலைவர் முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று தெசெலின் தோளைக் குறுக்கிக்கொண்டான். மாறாக, துணைத் தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படியா? ஒரு முள் நீக்கப்பட்டிருக்கு. ஒரு முள் அளவுக்கு விடுதலை. ஒரு முள் அளவுக்கு அதிகாரம். முழு அதிகாரம் இருந்திருந்தா கச்சையே வந்திருக்கும். வரல. கழுதைக் கயிறு வந்திருக்கு. வரம்பு மீறவே இல்ல!" கூட வந்த துறவியிடம் திரும்பினார். "எழுதிக்கோ. இவ்வளவு கட்டுப்பாடான அற்புதத்தை நான் எங்கயும் படிச்சதில்ல."

ரிஷில்தா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். துறவிகள் முக்காலியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்து, பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். முள்ளையும்தான்.

"அது நான் திரிச்ச கயிறு" என்று ஆரெம்பா படுக்கையிலிருந்து சொன்னாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

செய்தி மண்மேட்டுக்கும் போனது. முள்ளுக்கு அடியில் கிடந்தபடியே அம்மா வேலை செய்கிறாள் என்று கேட்ட மாத்திரத்தில் திரோகோவுக்குப் பல் வலித்தது. நாவிதன் வாய்க்குள் பார்த்து ஒன்றும் இல்லை என்றான். அவனை உதைத்துவிட்டு அன்றே குளத்தைத் திருப்பிக் கொடுத்தான். பெரிய விலாங்கெல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. புனித ரிகோதா பீடம் ஏறினாள். மெழுகுவர்த்திகள் எரிந்தன. கண்டிப்பின் பயன் பற்றி மடாதிபதி நெடுநேரம் பிரசங்கம் செய்தார். கயிற்றுக்கு ஒரு வெள்ளிப் பெட்டி செய்து புனிதையின் காலடியில் வைத்தார்கள். இனிமேல் பிரசவத்துக்குக் கச்சை ஒரு சேவல், கயிறு இரண்டு சேவல் என்று அறிவித்தார்கள்.

தெசெலின் கழுதையை நாணல் கயிற்றால் கட்டினான். அது கயிற்றைத் தின்றது. புதிய சணல் அறுப்புக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கழுதை தன் விருப்பப்படி நடமாடியது.

கோடை நடுவில் வரும் யோவான் திருநாளுக்கு மறுநாள் ஆரெம்பாவின் தங்கை ஒதாவுக்கு வலி கண்டது. பெண்கள் கூடினார்கள். ரிஷில்தா ஒரு மாட்டுக் கயிற்றை உத்தரத்தில் போட்டாள்.

"அது வேண்டாம்" என்று ஒதா பல்லைக் கடித்தாள். "அக்காவுக்கு வந்த கயிறு வேணும். அது வராம பெக்க மாட்டேன்."

"எந்தக் கயிறா இருந்தா என்னடி?"

"அந்தக் கயிறுதான்."

மருத்துவச்சி தெசெலினைப் பார்த்துக் கையை விரித்தாள். "ஒரு பொய் சொன்னேன். அதுக்கு வெள்ளியில பெட்டி செஞ்சுட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? ஓடு."

தெசெலின் இரண்டு சேவல்களோடு ஓடினான்.

மடத்து வாசலில் போவோன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் முள் அடைத்திருந்தது.

"கயிறு வேணும் சாமி."

"கயிறு இல்ல."

"யார் வீட்டுக்குப் போயிருக்கு?"

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. தண்டனையில இருக்கு."

"என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் குற்றம். நேத்து உன் கழுதை மடத்துத் தோட்டத்துல புகுந்து ஒரு பாத்தி முட்டைக்கோசைத் தின்னுடுச்சு."

"அதுக்கு என்னையில்ல தண்டிக்கணும்?"

"நீ யாரு?" போவோன் வெங்காயத்தை வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தார். "கழுதையைக் கட்டிப்போடறது கயித்தோட கடமை. காலையில குற்றப் பத்திரிகை வாசிச்சாங்க. தரையில இறக்கிட்டாங்க. முட்டைக்கோசு மறுபடி முளைக்கிற வரைக்கும்."

உள்ளே சங்கீதம் கேட்டது. தெசெலின் துணைத் தலைவரின் அறைப் பக்கம் ஓர் அடி வைத்தான். நின்றான். மண்மேட்டை நினைத்தான். ஏழு வானங்களை நினைத்தான். சேவல்களைப் போவோன் பக்கத்தில் வைத்தான். முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனான்.

இருபத்திரண்டு முதுகுகள். ஒரு முகமும் இல்லை. கோணியின்மேல், முள்ளுக்கு அடியில், அவன் கயிறு கிடந்தது. நடுவில் ஆரெம்பா போட்ட முடிச்சுகூட அப்படியே இருந்தது. மேலே பீடத்தில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, ரிகோதா அம்மா இருந்தாள். அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். பிறகு குனிந்து கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தான்.

வந்தது.

வெளியே வந்தபோது கயிறு அவன் தோளில் கிடந்தது. போவோன் கயிற்றைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளே சங்கீதம் அடுத்த அடிக்குப் போயிருந்தது.

"கனக்குதாப்பா?" என்று கேட்டார்.

தெசெலின் கயிற்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தான். யோசித்தான்.

"இல்ல சாமி. இறகு மாதிரி இருக்கு."

போவோன் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"அப்ப இடமாற்றம்தான். நிக்காத, ஓடு."